விழுந்தது ஏன் என்ற கேள்வி

சென்னையின் புறநகர்த் தெருக்களிலும் வடஆர்க்காட்டுச் சிற்றூர்களிலும் இன்றும் காணக்கிடைக்கும் 'புத்தூர் கட்டு' என்னும் பெயர்ப்பலகைகள், திருத்தணிக்கும் திருப்பதிக்கும் இடையே அமைந்த ஒரு சிறிய ஊரின் பெயரை எலும்பு முறிவு மருத்துவத்தின் பெயராகவே ஆக்கிவிட்டன. அவ்வூரை அடுத்த ராச்சபாளையத்தில் ஒரு குடும்பத்தார் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி தொட்டு வழிவழியாகச் செய்துவரும் அந்தக் கட்டுக்கு, அரைத்த பச்சிலையும் முட்டையின் வெண்கருவும் மூங்கில் தப்பைகளும் துணியுமே கருவிகள். 1960-ஆம் ஆண்டில் திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தபோது புத்தூர் ஆந்திரத்திலேயே நின்றது. 2022 ஏப்ரலில் பழைய சித்தூர் மாவட்டம் பிரிக்கப்பட்டபோது அது புதிய திருப்பதி மாவட்டத்தின் பங்காயிற்று. எல்லைக்கோடுகள் எப்படி மாறினாலும், ஒரு கையால் மறுகையைத் தாங்கிப் பிடித்தபடி அங்கே வந்திறங்குவோரின் வரவு நின்றதில்லை. அங்கிருந்து சிறிது தொலைவில் திருப்பதி நகரத்தில், தேவஸ்தானத்தின் ஆதரவில் நடக்கும் 'பர்ட்' எலும்பு மருத்துவமனையும், 1993-இல் செயல்படத் தொடங்கிய ஸ்ரீ வெங்கடேசுவரா மருத்துவ அறிவியல் கழகமும், ரூயா அரசு மருத்துவமனையும் உள்ளன. தெற்கே, சித்தூரிலிருந்து ஒரு மணிநேரப் பேருந்துப் பயணத்தில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி இருக்கிறது. முறிந்த எலும்பைப் பார்க்க ஆளில்லாத வட்டாரம் இது என்று எவரும் சொல்ல முடியாது.

எனினும், முதுமையில் எலும்பு முறிவதற்குச் சற்று முன்பு பெரும்பாலும் வேறொன்று நடந்துவிடுகிறது: அந்த மனிதர் நின்ற இடத்திலிருந்தோ நடந்த இடத்திலிருந்தோ கீழே விழுகிறார். எக்ஸ்ரேயில் தெரிவது முறிவுதான். கட்டப்படுவதும் திருகாணி வைத்து இணைக்கப்படுவதும் அந்த முறிவுதான். விழுந்தது ஏன் என்ற கேள்வி, எலும்பு மருத்துவரின் மேசைக்கும் சர்க்கரை மருத்துவரின் மேசைக்கும் கண் மருத்துவரின் மேசைக்கும் நடுவில், எவருக்கும் உரியதாக இல்லாமல் நின்றுவிடுகிறது. அந்தக் கேள்வியை அதற்குரிய இடத்தில் வைப்பதே இச்சொற்பொழிவின் நோக்கம்.

விழுதல் என்பதற்கு மருத்துவ உலகம் வைத்திருக்கும் வரையறை எளியது: ஒருவர் தாம் எண்ணாமலே தரைக்கோ, தாம் இருந்த மட்டத்தைவிடத் தாழ்ந்த வேறொரு மட்டத்துக்கோ வந்து சேர்வது. உலக நலவாழ்வு அமைப்பின் கணக்குப்படி ஆண்டுதோறும் 6,84,000 பேர் விழுந்ததனால் இறக்கிறார்கள். எண்ணாமல் நேரும் காயங்களால் வரும் இறப்புகளில் சாலை விபத்துக்கு அடுத்த இடம் இதற்குத்தான். இறப்போரில் எண்பது விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் குறைந்த வருமானமும் நடுத்தர வருமானமும் கொண்ட நாடுகளில் வாழ்பவர்கள். இருந்தும் இது ஒரு நோயாக எண்ணப்படுவதில்லை. வீட்டுப் பெரியவர் ஒருவரின் முடிவைப் பற்றி உறவினர் பேசும்போது, 'பாத்ரூம்ல வழுக்கி விழுந்தார், அதோட படுத்தவர்தான்' என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். வழுக்கிய தரை காரணமாகிவிடுகிறது, அதே தரையில் அன்று காலையில் நடந்த மற்ற நால்வரும் ஏன் விழவில்லை என்று எவரும் கேட்பதில்லை.

அந்த நால்வருக்கும் அவருக்கும் இருந்த வேறுபாட்டைப் 'பல்நோய்மை' என்னும் சொல்லால் குறிக்கலாம். ஒரே உடலில் இரண்டோ அதற்கு மேற்பட்டோ நீடித்த நோய்கள் சேர்ந்து வாழ்வதே பல்நோய்மை. 2017-18-இல் நாடு முழுவதும் நடத்தப்பட்டு 2021 சனவரியில் வெளியிடப்பட்ட இந்திய முதுமை நெடுங்கால ஆய்வு, 45 வயதைக் கடந்த 72,000-க்கும் மேற்பட்டோரைச் சந்தித்தது. அறுபது வயதைக் கடந்தவர்களில் நான்கில் மூவருக்கு ஏதேனும் ஒரு நீடித்த நோயும், ஏறக்குறைய நான்கில் ஒருவருக்குப் பல்நோய்மையும் இருப்பதாக அது கண்டது. இந்தக் கணக்கு, நோய் இருப்பதாக ஏற்கெனவே சொல்லப்பட்டவர்கள் தாமே தெரிவித்ததை அடிப்படையாகக் கொண்டது என்பதை நினைவில் வைத்தால், சோதனையே செய்துகொள்ளாத சிற்றூர் முதியோரிடம் உண்மை நிலை இதைவிடக் கடுமையானது என்று கொள்வதே முறை.

நோய்களின் எண்ணிக்கை ஏன் விழுதலோடு தொடர்புகொள்கிறது என்பதை அறிய, நிற்பது என்பது எத்தகைய வேலை என்று முதலில் பார்க்க வேண்டும். மனித உடல் இரண்டு சிறிய பாதங்களின்மேல் எழுப்பிய நெடிய கம்பம். அது ஓய்ந்து நிற்பதில்லை, ஒவ்வொரு நொடியும் சாய்ந்து சாய்ந்து திரும்ப நிமிர்த்தப்படுகிறது. அவ்வாறு நிமிர்த்துவதற்கு மூளைக்கு மூன்று வழிகளில் செய்தி வருகிறது: கண் எதிரிலுள்ளதைச் சொல்கிறது, உட்காதிலுள்ள சமநிலை உறுப்பு தலை எப்பக்கம் சாய்ந்தது என்று சொல்கிறது, உள்ளங்காலிலும் கணுக்காலிலும் உள்ள நரம்புகள் தரை எப்படி இருக்கிறது என்று சொல்கின்றன. மூளை அவற்றைக் கூட்டிப் பார்த்து, தொடைக்கும் கெண்டைக்காலுக்கும் இடுப்புக்கும் ஆணையிடுகிறது. தசைக்கு அந்த ஆணையை நிறைவேற்றும் வலு இருக்க வேண்டும், மூட்டு வலியின்றி மடங்க வேண்டும், இவை அனைத்தும் நடக்கும் வரை மூளைக்கு இரத்தம் தடையின்றி ஏற வேண்டும். இளமையில் இந்த ஏற்பாட்டில் ஒன்று குறைந்தால் மற்றவை அதை ஈடுசெய்கின்றன; கண்ணைக் கட்டிக்கொண்டும் ஓர் இளைஞர் நடப்பதற்குக் காரணம் அவருடைய உள்ளங்கால் விழித்திருப்பதே. பல்நோய்மை அந்த ஈடுசெய்யும் வசதியைத்தான் ஒவ்வொரு பக்கமாகப் பறித்துக்கொள்கிறது.

பதினைந்து ஆண்டுகளாகச் சர்க்கரை நோயுடன் வாழும் எழுபது வயதுப் பெண் ஒருவரை எடுத்துக்கொண்டால், சர்க்கரை அவருடைய பாத நரம்புகளை மரத்துப்போகச் செய்திருக்கிறது. கண்ணில் புரை வளர்ந்திருக்கிறது. முழங்கால் மூட்டு தேய்ந்ததால் நடை குறைந்து, நடை குறைந்ததால் தொடைத்தசை மெலிந்திருக்கிறது. இரத்த அழுத்தத்துக்கான மாத்திரை, படுக்கையிலிருந்து எழும்போது ஏறவேண்டிய அழுத்தத்தை ஏறவிடாமல் பிடித்துவைக்கிறது. தூக்கம் வராததற்கு ஒரு மாத்திரை, அதன் மயக்கம் விடியற்காலை வரை நீடிக்கிறது. இரவு இரண்டு மணிக்குச் சிறுநீர் கழிக்க அவர் எழும்போது, இந்த ஐந்தும் ஒரே கணத்தில் சந்திக்கின்றன. ஒவ்வொன்றையும் தனித்தனியே பார்க்கும் மருத்துவர், தம் பங்கு 'கட்டுக்குள்' இருப்பதாக உண்மையாகவே எழுதலாம். விழுதல் அந்தப் பங்குகளின் கூட்டுத்தொகையில் இருக்கிறது, எந்த ஒரு பங்கிலும் இல்லை.

இதை எண்ணிக் காட்டியவர் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக மருத்துவர் மேரி டினெட்டி. 1988-இல் வெளிவந்த ஆய்வில் அவரும் உடனாய்வாளர்களும், தம் வீடுகளில் வாழ்ந்த 75 வயதுக்கு மேற்பட்ட 336 பேரை ஓராண்டுக் காலம் தொடர்ந்து கவனித்தனர். அவர்களில் 32 விழுக்காட்டினர் ஒருமுறையேனும் விழுந்தனர். தூக்க மாத்திரை, அறிவாற்றல் குறைவு, கால்களின் வலுக்குறைவு, நடையிலும் சமநிலையிலும் கோளாறு, பாதத்தில் தொல்லை என்பன போன்ற காரணிகளில் ஒன்றுகூட இல்லாதவர்களிடம் விழும் வாய்ப்பு 8 விழுக்காடாக இருக்க, நான்கோ அதற்கு மேலோ உடையவர்களிடம் அது 78 விழுக்காடாக உயர்ந்தது. முதுமை என்றால் விழுவது இயல்பு என்ற பழைய எண்ணத்தை இந்த இரண்டு எண்கள் தகர்த்தன. 1994-இல் அதே குழு, காரணிகளை ஒவ்வொன்றாகத் தேடிக் குறைத்தபோது என்ன நேரும் என்று சோதித்தது: வழக்கமான கவனிப்பும் நலம் விசாரிப்பும் மட்டும் பெற்றவர்களில் 47 விழுக்காட்டினரும், காரணிகள் குறைக்கப்பட்டவர்களில் 35 விழுக்காட்டினரும் ஓராண்டில் விழுந்தனர். எல்லாவற்றையும் நீக்க வேண்டியதில்லை, ஐந்தில் இரண்டைக் குறைத்தாலே விளைவு மாறுகிறது என்பதுதான், பல நோய்களோடு வாழ்பவர்க்கு அந்த ஆய்வு தரும் பெரிய ஆறுதல்.

காரணிகளைத் தேடுவதற்கு முதற்கருவி விலையுயர்ந்த இயந்திரம் அன்று; முதியவர் பேசும் மொழி. சித்தூர், புத்தூர், நகரி பக்கங்களில் தமிழும் தெலுங்கும் ஒரே வீட்டிலேயே கலந்து புழங்குகின்றன. தமிழில் தலை சுற்றுகிறது என்பதைத் தெலுங்கில் கண்கள் சுழல்வதாகச் சொல்வதே பெருவழக்கு. மொழிபெயர்த்துச் சொல்லும் மகனோ பேரனோ, மருத்துவரிடம் வந்து 'கிட்டினெஸ்' என்ற ஒற்றை ஆங்கிலச் சொல்லோடு நிறுத்திக்கொள்கிறார், மருத்துவக் குறிப்பிலும் அதுவே ஏறுகிறது. ஆனால் தமிழ் முதியோர் ஒரே சொல்லைச் சொல்வதில்லை. 'எழுந்தால் கண்ணை இருட்டிக்கொண்டு வருகிறது' என்பவர், பெரும்பாலும் எழும்போது இரத்த அழுத்தம் சரிவதைச் சொல்கிறார். படுத்திருந்துவிட்டு எழுந்து நின்ற மூன்று நிமிடங்களுக்குள் மேல் அழுத்தம் 20 புள்ளிகளோ கீழ் அழுத்தம் 10 புள்ளிகளோ இறங்கினால் மருத்துவம் அதை நிலைமாற்றத் தாழழுத்தம் என்கிறது. 'படுக்கையில் புரண்டால் வீடே சுற்றுகிறது' என்பவருக்கு உட்காதின் நுண்துகள்கள் இடம்பெயர்ந்திருக்கலாம். அமெரிக்க மருத்துவர் ஜான் எப்ளி வகுத்த முறைப்படி தலையைப் படிப்படியாகத் திருப்பிக் கிடத்தினால், சில நிமிடங்களில் அது சரியாகிவிடவும் கூடும். 'தலை நன்றாக இருக்கிறது, கால்தான் பஞ்சில் மிதிப்பதுபோல் இருக்கிறது' என்பவர் மரத்த பாதத்தைச் சொல்கிறார். 'படபடவென்று வந்து வியர்த்து, கை நடுங்குகிறது' என்பவருக்குச் சர்க்கரை இறங்கியிருக்கக்கூடும். நான்கு பேச்சு, நான்கு காரணம், நான்கு வேறு மருத்துவம். ஒரே சொல்லாகச் சுருக்கப்படும்போது நால்வர்க்கும் ஒரே தலைசுற்றல் மாத்திரை எழுதப்படுகிறது, அந்த மாத்திரையே சிலருக்கு மந்தத்தை உண்டாக்கி மறுபடி விழச் செய்கிறது. முதியவர் சொன்ன சொற்களை அப்படியே எழுதிக்கொள்வது மருத்துவத்தின் பகுதி என்று கொள்ளப்பட வேண்டும்.

மாத்திரைகளைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். நாள்தோறும் ஐந்தோ அதற்கு மேலோ மருந்துகள் உட்கொள்வதைப் பன்மருந்துப் பயன்பாடு என்பர். இந்த வட்டாரத்தில் அது உருவாகும் வழி தனித்தன்மை உடையது. ஒரு முதியவருக்கு உள்ளூர் மருத்துவர் இரத்த அழுத்தத்துக்குத் தந்த சீட்டு ஒன்று இருக்கும். வேலூரில் வாங்கிய சீட்டு இன்னொன்று. திருப்பதியில் இதயத்துக்காக எழுதப்பட்டது மூன்றாவது. மருந்துக்கடையில் சளிக்கும் மூட்டுவலிக்கும் கேட்டு வாங்கியவை சீட்டே இல்லாதவை. எல்லாம் ஒரே மஞ்சள் பையில் இருக்கின்றன, ஆனால் அந்தப் பையை ஒரு மேசையில் கொட்டிப் பார்ப்பவர் அரிது. நீர் பிரியச் செய்யும் மாத்திரை, புரோஸ்டேட் வீக்கத்துக்கான மாத்திரை, அழுத்த மாத்திரை ஆகிய மூன்றும் சேர்ந்தால் எழும்போது அழுத்தம் சரிவது எளிது. சளி மாத்திரைகள் பலவற்றிலும் தூக்கத்தைக் கூட்டும் பொருள் உண்டு. வேறு வேறு வணிகப் பெயர்களில் ஒரே மருந்து இருமுறை உட்கொள்ளப்படுவதும் நடக்கிறது.

குறைப்பது பயன் தருமா என்பதற்கு நியூசிலாந்தின் டுனெடின் நகரில் நடந்து 1999-இல் வெளிவந்த சோதனை ஒன்று விடை தருகிறது: தூக்கத்துக்கும் மனநிலைக்குமான மாத்திரைகளைச் சிறிது சிறிதாக நிறுத்திய முதியோரிடம் விழுதல் 66 விழுக்காடு குறைந்தது. ஆனால் அந்தச் சோதனை முடிந்த ஒரே மாதத்தில், நிறுத்தியவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் அதே மாத்திரைக்குத் திரும்பிவிட்டனர். தூக்கமின்மை எளிய துன்பமன்று. மாத்திரையைப் பறித்துக்கொண்டு வேறெதுவும் தராத அறிவுரை நிலைக்காது. திடீரென்று தாமாகவே நிறுத்துவது ஆபத்து என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். குறைப்பதும் மருத்துவரின் கண்காணிப்பில், வாரக்கணக்கில் நடக்க வேண்டிய வேலை.

திருப்பதியைப் பற்றிப் பேசும்போது படிகளைப் பேசாமல் இருக்க முடியாது. அலிபிரியிலிருந்து திருமலைக்குச் செல்லும் நடைபாதையில் 3,550 படிகள் உள்ளன. ஸ்ரீவாரி மெட்டு வழியில் 2,388. நேர்ந்துகொண்டு ஏறும் முதியோரின் உறுதியைக் குறைத்துச் சொல்வது எவர்க்கும் தகாது. முழங்கால் தேய்ந்தவர்களும் கைப்பிடியைப் பிடித்து ஏறிச் சேர்ந்திருக்கிறார்கள். ஆயினும் அறுபதைக் கடந்தவர்களும், சர்க்கரை, இரத்த அழுத்தம், ஆஸ்துமா, மூட்டு நோய் போன்றவை உடையவர்களும் நடைவழியைத் தவிர்ப்பது நல்லது என்று தேவஸ்தானமே 2024-இல் அறிவுறுத்தியது. இதய அடைப்பையும் மூச்சுத்திணறலையும் மனத்தில் வைத்துச் சொல்லப்பட்ட அந்த நோய்ப் பட்டியல், விழுதலுக்கான காரணிகளின் பட்டியலாகவும் இருப்பது தற்செயலன்று.

படியில் நேரும் சில நுட்பங்கள் பொதுவாக அறியப்படுவதில்லை. தூரத்துக்கும் படிப்புக்கும் இரு பகுதிகளாக அமைந்த பைஃபோகல் கண்ணாடியை அணிந்து படியிறங்குபவர், கீழ்ப்பகுதியின் வழியே காலடியைப் பார்ப்பதால் படியின் விளிம்பு மங்கலாகவே தெரிகிறது. வெளியே நடப்பதற்குத் தூரப்பார்வைக் கண்ணாடி தனியே வைத்துக்கொள்வது அதற்கு மாற்று. சாமி பார்த்த பிறகே சாப்பாடு என்ற நோன்போடு, சர்க்கரை மாத்திரையை மட்டும் காலையில் வழக்கம்போல் விழுங்கிவிட்டு வரிசையில் நிற்பவருக்குச் சில மணிநேரத்தில் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். நோன்பு இருக்கும் நாளில் எந்த மாத்திரையை எப்படி மாற்றுவது என்று முன்னதாகவே மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது பயணச்சீட்டு எடுப்பதைப்போல் யாத்திரையின் ஏற்பாடுகளுள் ஒன்றாக வேண்டும். வெறுங்காலோடு நடப்பது பக்தியின் மரபு. மரத்த பாதத்துக்கோ சூடான கல்லும் தெரியாது, நனைந்த கல்லும் தெரியாது. உணர்ச்சியற்ற பாதத்தைக் காப்பது எப்படி என்ற அறிவு இந்த வட்டாரத்துக்கு மிக அருகில், வேலூரில் பிறந்தது என்பதும் நினைக்கத்தக்கது: தொழுநோயால் உணர்வு இழந்த கால்களுக்காக மருத்துவர் பால் பிராண்ட் 1950-களில் அங்கே நுண்துளை ரப்பர் செருப்புகளைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார், இன்று எம்.சி.ஆர். செருப்பு என்ற பெயரில் அதையே சர்க்கரை நோயாளிகள் வாங்குகிறார்கள். ஆனால் வாங்கியவர்களில் பலரும் அதை வாசலில் கழற்றிவிட்டு வீட்டுக்குள் வெறுங்காலோடு நடக்கிறார்கள். முதியோர் மிகுதியாக விழுவது வீட்டுக்குள்ளேதான்.

வீட்டைப் பொறுத்தவரை சொல்ல வேண்டியவை பலரும் அறிந்தவையே. கழிவறைச் சுவரில் ஒரு கைப்பிடிக் கம்பி, படுக்கையிலிருந்து கழிவறை வரை இரவில் எரியும் சிறு விளக்கு, உயர்ந்த வாசற்படிக்கு ஒரு வண்ணக்கோடு, குந்தி எழ முடியாதவர்க்கு நாற்காலிக் கழிப்பிடம்: இவற்றுக்கு ஆகும் செலவு ஒரு நாள் மருத்துவமனைக் கட்டணத்துக்கும் குறைவு. செலவைவிட மனந்தான் தடையாகிறது. கைப்பிடி பொருத்துவதும் கைத்தடி பிடிப்பதும் முதுமையை ஒப்புக்கொள்வதாகிவிடும் என்று பெரியவர்கள் கூசுகிறார்கள். மகன் வாங்கிவந்த தடி மூலையிலேயே நிற்பதும், தாமே தேர்ந்தெடுத்த தடியைப் பெரியவர் எடுத்துச் செல்வதும் எங்கும் காணக்கூடியவை. ஆகையால் எது மாற்றப்பட வேண்டும் என்பதை அவரிடமே கேட்பதில் மரியாதையும் உண்டு, பயனும் உண்டு.

கண்ணைப் பற்றி ஒரு சொல். இங்கிலாந்தின் நாட்டிங்காம் நகரில், எழுபதைக் கடந்த பெண்களுக்கு முதற்கண்ணின் புரையைக் காலந்தாழ்த்தாமல் அகற்றியபோது விழுதல் 34 விழுக்காடு குறைந்தது என்று 2005-இல் வெளியான சோதனை காட்டியது. திருப்பதியிலேயே அரவிந்த் கண் மருத்துவமனை இயங்கிவரும் நிலையில், 'புரை முற்றட்டும், பிறகு பார்க்கலாம்' என்று ஆண்டுகளைக் கடத்துவதற்குக் காரணமே இல்லை.

விழுபவர் எல்லோருக்கும் எலும்பு முறிவதில்லை. முறிவது எலும்பின் வலுவைப் பொறுத்தது. இங்கே திருப்பதிக்கு ஒரு தனிப்பங்கு உண்டு. சூரியன் ஆண்டு முழுதும் காயும் நாட்டில் சூரிய ஒளியால் தோலில் உண்டாகும் வைட்டமின் டி குறைய வழியே இல்லை என்று மருத்துவ உலகம் நெடுங்காலம் நம்பியிருந்தது. ஸ்ரீ வெங்கடேசுவரா மருத்துவ அறிவியல் கழகத்தின் நாளமில்லாச் சுரப்பியியல் துறையில் பணியாற்றிய சி.வி. ஹரிநாராயண் தலைமையிலான குழு, திருப்பதி நகரத்தாரையும் சுற்றுப்புறச் சிற்றூர் மக்களையும் ஆராய்ந்து 2007-இல் வெளியிட்ட முடிவுகள் அந்த நம்பிக்கைக்கு எதிராக இருந்தன: சிற்றூர் ஆண்களில் 44 விழுக்காட்டினரிடமும், நகரத்து ஆண்களில் 62 விழுக்காட்டினரிடமும், சிற்றூர்ப் பெண்களில் 70 விழுக்காட்டினரிடமும், நகரத்துப் பெண்களில் 75 விழுக்காட்டினரிடமும் வைட்டமின் டி பற்றாக்குறையாக இருந்தது. உணவில் கால்சியம் குறைவாகவும், அதைக் குடலில் உறிஞ்சவிடாமல் பிணைக்கும் ஃபைட்டேட் என்னும் தானியப் பொருள் மிகுதியாகவும் இருப்பதையும் அவர்கள் சேர்த்துக் காட்டினார்கள். வயலில் வேலை செய்பவர்களுக்கே நிலை இதுவென்றால், முட்டிவலியால் வீட்டுக்குள் அடைந்த மூதாட்டியின் எலும்பைப் பற்றித் தனியே சொல்ல வேண்டியதில்லை. சித்தூர்ப் பக்கத்தின் ராகி சங்கடி, அதாவது கேழ்வரகுக் களி, தானியங்களுள் கால்சியம் மிகுந்ததைக் கொண்டு செய்யப்படுவது. அதைக் கைவிட்டு மூன்று வேளையும் சோற்றுக்கு மாறிய வீடுகளில் அதைத் திரும்பக் கொண்டுவருவதும், பருப்பு, பால், முட்டை ஆகியவற்றால் தசைக்கு வேண்டிய புரதத்தைக் கூட்டுவதும் நலம்.

ஆனால் இதையும் அளவோடு கொள்ள வேண்டும். ஆண்டுக்கு ஒரே வேளையாக 5,00,000 அலகு வைட்டமின் டி கொடுத்துப் பார்த்த ஆஸ்திரேலியச் சோதனையில், அதை உட்கொண்ட எழுபது வயதுக்கு மேற்பட்ட பெண்கள் குறைவாக விழவில்லை, 15 விழுக்காடு கூடுதலாகவே விழுந்தார்கள் என்று 2010-இல் தெரியவந்தது. வாரம் ஒன்றாகக் கொடுக்கப்படும் 60,000 அலகு மருந்தை, சொன்ன வாரங்கள் முடிந்த பின்னும் மருந்துக்கடையில் தாமாகவே வாங்கி மாதக்கணக்கில் தொடர்பவர்கள் இதைக் கருத்தில் கொள்ள வேண்டும்.

முறிவுகளுள் கொடியது தொடை எலும்பின் கழுத்தில் நேர்வது; பேச்சுவழக்கில் இடுப்பு முறிவு எனப்படுவது. கை முறிவைத் தப்பை வைத்துக் கட்டி அசையாமல் நிறுத்தலாம்; இடுப்புக்குள் ஆழ்ந்திருக்கும் அந்தக் கழுத்தை வெளியிலிருந்து எந்தக் கட்டாலும் அவ்வாறு நிறுத்த முடியாது, எலும்பின் தலைக்கு இரத்தம் செல்லும் வழியும் அங்கே அறுந்துவிடக்கூடும். கட்டிலில் கிடக்கும் ஒவ்வொரு நாளும் படுக்கைப்புண்ணையும் நுரையீரல் அழற்சியையும் காலில் இரத்த உறைவையும் அருகில் கொண்டுவருகிறது. ஆகவேதான் இயன்றவரை இரண்டு நாட்களுக்குள் அறுவை செய்து உடனே எழுப்பி நிற்கவைக்க வேண்டும் என்று இன்றைய மருத்துவம் வலியுறுத்துகிறது. விழுந்த பின் காலை ஊன்ற முடியவில்லை, கால் குட்டையாகிப் பாதம் வெளிப்பக்கம் திரும்பியிருக்கிறது என்றால், அந்தக் குடும்பத்துக்கு எதற்கும் காத்திருக்க நேரமில்லை.

எலும்பு முறியாமல் தப்பியவரையும் விழுதல் விட்டுவிடுவதில்லை. மறுபடி விழுந்துவிடுவோமோ என்ற அச்சம் அவரை நாற்காலியில் உட்காரவைக்கிறது. 'நீங்க எழுந்திருக்காதீங்க, நாங்க பாத்துக்கறோம்' என்று வீட்டாரும் அன்போடு சொல்லி அதை உறுதிப்படுத்துகிறார்கள். உட்கார்ந்த கால் ஒரு மாதத்தில் மெலிகிறது, மெலிந்த கால் அடுத்த விழுதலைக் கொண்டுவருகிறது. இந்தச் சுழலை உடைப்பதற்கு வலுவான சான்றுள்ள வழி பயிற்சியே. நியூசிலாந்தின் ஒடாகோ பல்கலைக்கழகத்தில் 1990-களில் வகுக்கப்பட்ட வீட்டுப் பயிற்சி முறை, எண்பது வயதைக் கடந்த பெண்களிடம் முதலில் சோதிக்கப்பட்டது. பின்னர் நடந்தவற்றையும் சேர்த்துப் பார்த்தபோது விழுதலை ஏறக்குறைய 35 விழுக்காடு குறைத்தது. நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து உட்காருதல், சுவரைத் தொட்டபடி குதிகாலையும் முன்காலையும் மாறி மாறி உயர்த்துதல், ஒரு காலடியின் முன் மறு காலடியை ஒட்டி வைத்து நடத்தல், கணுக்காலில் சிறு எடை கட்டிக் காலை நீட்டுதல் ஆகிய இவை திண்ணையிலும் செய்யத்தக்கவை. வெறும் காலாற நடப்பது இதயத்துக்கு நல்லது, சமநிலைக்கு அது மட்டும் போதாது.

இத்தனையும் தெரிந்திருந்தும் செய்வது எளிதன்று. அமெரிக்காவில் 5,451 முதியோரைக் கொண்டு நடத்தப்பட்டு 2020-இல் வெளிவந்த பெருஞ்சோதனையில், பயிற்சிபெற்ற செவிலியர்கள் ஒவ்வொருவரின் காரணிகளையும் கண்டறிந்து திட்டம் வகுத்துக் கொடுத்தும், கடுங்காயங்கள் குறிப்பிடத்தக்க அளவில் குறையவில்லை. திட்டம் எழுதப்படுவதும் அது நிறைவேறுவதும் இருவேறு செயல்கள் என்பதாகவே அந்த முடிவைக் கொள்ளத் தோன்றுகிறது: பயிற்சிக்கு வேறிடம், மாத்திரை குறைப்புக்கு வேறு மருத்துவர், கண்ணுக்கு வேறு ஊர் என்று அனுப்பப்பட்டவர் வழியிலேயே நின்றுவிடுகிறார். துறைகளைக் கடந்து ஒரு முதியவரை முழுமையாகப் பார்க்கும் முதியோர் மருத்துவம் இந்த நாட்டுக்குப் புதியதன்று. சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் மருத்துவர் வி.எஸ். நடராசன் 1978-இலேயே முதியோர்க்கெனப் புறநோயாளர் பிரிவைத் தொடங்கினார், சென்னை மருத்துவக் கல்லூரியில் 1996-இல் அத்துறையில் பட்டமேற்படிப்பும் வந்தது. நடுவணரசின் தேசிய முதியோர் நலவாழ்வுத் திட்டம் 2010-இல் தொடங்கப்பட்டு, மாவட்ட மருத்துவமனைகளில் முதியோர் பிரிவுகளுக்கு வழிவகுத்தது. அவை எல்லாச் சிற்றூர்களையும் எட்டும்வரை காத்திருக்காமல் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. நாற்காலியிலிருந்து எழுந்து, மூன்று மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்கார ஒருவருக்கு எத்தனை நொடி ஆகிறது என்று பார்க்கும் சோதனை 1991-இல் வகுக்கப்பட்டது. 12 நொடிக்கு மேல் ஆனால் விழும் வாய்ப்பு மிகுதி என்று கொள்வர். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும் கைப்பேசியிலுள்ள கடிகாரமும் போதும். வீடு வீடாகச் செல்லும் ஆஷா பணியாளரால் அதைச் செய்ய முடியும், 'கடந்த ஓராண்டில் கீழே விழுந்தீர்களா' என்று கேட்கவும் முடியும். கேட்காதவரை பெரியவர்கள் சொல்வதில்லை. சொன்னால் தனியே எங்கும் விடமாட்டார்கள் என்று அவர்களுக்குத் தெரியும்.

புத்தூருக்கு வருவோரில் மணிக்கட்டு முறிந்து வரும் ஐம்பது, அறுபது வயதுப் பெண்கள் இந்த நோக்கில் தனிக் கவனத்துக்கு உரியவர்கள். அந்த வயதில் தடுமாறும்போது கை தானாக முன்னே நீண்டு தரையை ஊன்றிவிடுகிறது, அதனால் மணிக்கட்டு முறிகிறது. பத்துப் பதினைந்து ஆண்டுகள் கழித்து அந்தக் கை நீளும் வேகம் குறைந்த பிறகு, அதே தடுமாற்றத்தில் உடல் பக்கவாட்டில் சரிந்து இடுப்பில் விழுகிறது. மணிக்கட்டு முறிந்தவர்களுக்குப் பிற்காலத்தில் இடுப்பு முறியும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல் என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. மூங்கில் தப்பையோ மாவுக்கட்டோ அந்தக் கையில் இருக்கும் சில வாரங்களில், அவருக்குச் சர்க்கரை இருக்கிறதா, உள்ளங்காலில் உணர்வு இருக்கிறதா, படுத்தும் நின்றும் இரத்த அழுத்தம் எவ்வளவு, கண்ணில் புரை உண்டா, மஞ்சள் பையில் என்னென்ன மாத்திரைகள் இருக்கின்றன, எலும்பின் அடர்த்தி எவ்வாறு உள்ளது என்று பார்த்து முடித்துவிடலாம். கட்டை அவிழ்ப்பதற்கு எப்படியும் அவர் திரும்பி வரத்தான் வேண்டும். கட்டுபவர் பச்சிலை வைத்தியரானாலும் எலும்பு மருத்துவரானாலும், அன்றைக்கு அவரிடம் 'எப்படி விழுந்தீர்கள் அம்மா' என்று கேட்டு, அவர் சொல்லி முடிக்கும்வரை உடனிருக்க முடியும்.